வற்றாப்பளைக்கு முதன்முறை வருகிறவர்களுக்கு

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கும். கனடாவிலிருந்து சித்தி, கொழும்பிலிருந்து கூடப் படித்த சிநேகிதி, லண்டனிலிருந்து யாரோ ஒருவரின் மருமகள். "இந்த முறை பொங்கல் எப்ப? எந்தப் பக்கத்தால வாறது? எங்க நிக்கிறது?" முள்ளியவளையில் பிறந்து வளர்ந்த எனக்கு இவற்றுக்கெல்லாம் ஒரே மூச்சில் பதில் சொல்லத் தெரியும். ஆனாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "ஆரைக் கூட்டிக்கொண்டு வாறியள்?" என்பதைத்தான். எண்பது வயது அம்மாவுடன் வருகிறவருக்கும் நேர்த்திக்குக் காவடி எடுக்க வருகிற இளைஞனுக்கும் ஒரே வழியைச் சொல்ல முடியாது.

முதலில் நாளை முடிவு செய்யுங்கள். எந்த வழியால் வருவது, எங்கே தங்குவது, என்ன கொண்டுவருவது எல்லாம் அதைப் பொறுத்தவை. வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலுக்கு வர மூன்று விதமான நாட்கள் உண்டு. ஒன்று வைகாசிப் பொங்கல் நாள். மே நடுப்பகுதிக்கும் ஜூன் நடுப்பகுதிக்கும் இடையே, வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் ஒரு திங்கட்கிழமை அது. ஆண்டுக்காண்டு தேதி மாறும் என்பதால், கோயிலடியில் உறுதிப்படுத்தாமல் விமானச் சீட்டு எடுக்காதீர்கள். இரண்டாவது, பொங்கலுக்கு முந்திய ஒரு கிழமை. மூன்றாவது, ஆண்டின் மற்ற எந்தத் திங்கட்கிழமையும்.

பெரும்பாலானோர் முதலாவதைத்தான் கேட்பார்கள். யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார், திருகோணமலை என்று எல்லாப் பக்கமிருந்தும் சனம் வந்து நந்திக்கடல் ஓரத்து வெளி முழுவதும் நிறைந்துவிடும் நாள் அது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரை அடியார்களும் இந்தப் பொங்கலைக் கண்டுவிட்டுத்தான் தெற்கே நடப்பார்கள். பகல் முழுக்கப் பாற்செம்பும் காவடியும் தூக்குக்காவடியும் வந்தபடி இருக்கும். பொங்கல் இரவில். வளந்து எனும் பொங்கல் பானையை நேர்ந்து அடுப்பில் ஏற்றி, படைத்து முடிய விடியப்புறம் ஆகும்.

இந்த நாளுக்கு வருகிறவர்கள் செய்கிற பெரிய பிழை, காலையில் வந்து பின்னேரம் திரும்பிவிடத் திட்டமிடுவது. அப்படி வந்தால் வெயிலும் நெரிசலும் வரிசையும்தான் உங்களுக்குக் கிடைக்கும், பொங்கல் கிடைக்காது. ஒரு முறை எங்கள் மாமி ஒருவர் 25 ஆண்டுக்குப் பிறகு ஊருக்கு வந்திருந்தார். வாகனத்தைத் தூரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நேரம் பகல் பன்னிரண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கியவர் பத்தடி போவதற்குள் நின்றுவிட்டார். அந்தக் காய்ந்த மணல் அடுப்புத் தட்டுப் போலச் சுடும். கடலைக் கடைக்காரப் பொடியன் ஒருவன் ஓடிவந்து ஒரு வெறுஞ்சாக்கை விரித்தான். மாமி அதில் ஏறி நின்றார். அவன் இன்னொரு சாக்கை முன்னே விரித்தான். இப்படிச் சாக்கு மாற்றிச் சாக்காக வாசல்வரை கொண்டுபோய் விட்டான். மாமி பிறகு பல நாள் அம்மனைப் பற்றிச் சொன்னதைவிட அந்தப் பொடியனைப் பற்றிச் சொன்னதுதான் கூட. வயது போனவர்களைப் பொங்கலுக்குக் கூட்டி வருவதானால் பின்னேரம் நாலு, ஐந்து மணிக்கு மேல் வந்து சேருங்கள். இரவில் தங்குங்கள். விடிந்த பிறகு புறப்படுங்கள்.

என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன். அதற்கு இந்தக் கோயிலின் கதை தெரிய வேண்டும். மதுரையை எரித்த பிறகு கண்ணகி இலங்கைக்கு வந்து ஒன்பது இடங்களில் தங்கி, பத்தாவதாக இளைப்பாறிய இடம் இது, பத்தாப்பளைதான் வற்றாப்பளை ஆயிற்று என்பது எங்கள் ஊர் வழக்கு. மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாளாம். அவர்கள் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. "கடல்தண்ணியை ஊத்தி ஏத்துங்கோ" என்றாள். விளக்கு எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். சிறுவர்கள் திகைத்துப்போய் நிற்க, அவளைக் காணவில்லை.

அந்த விளக்குத்தான் இன்றைக்கும் ஏற்றப்படுகிறது. பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை, சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அங்கே உப்புநீரில் விளக்கு ஏற்றப்பட்டு ஒரு கிழமை எரியும். ஞாயிற்றுக்கிழமை காட்டு விநாயகருக்குப் பொங்கல். அடுத்த நாள் அங்கிருந்து மடைப்பண்டம், அதாவது படையலுக்குரிய பொருட்கள், எடுத்துக்கொண்டு வற்றாப்பளைக்குப் போவார்கள். வெளியூரார் பெரும்பாலும் இந்தக் கிழமையைத் தவறவிட்டுவிட்டு, கடைசி இரவுக்கு மட்டும் வருகிறார்கள். காட்டு விநாயகர் கோயிலில் நடுக்கிழமையில் போய் நின்று பாருங்கள். நெரிசல் இராது. ஒரு முறை ஒரு சின்னப் பிள்ளை என் பக்கத்தில் நின்று தாயிடம், "அம்மா, இதுக்குள்ள எண்ணெய் விடேல்லையோ?" என்று கேட்டாள். "உத்துப் பார் பிள்ளை, தண்ணிதான்" என்று பின்னாலிருந்து ஒரு வயதானவர் சொன்னார். சுடர் பெரிதாக எழவில்லை, அணையவும் இல்லை. அந்தப் பிள்ளை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றதை நான் மறக்கமாட்டேன். நாலைந்து நாள் ஒதுக்கக்கூடியவர்கள் வெள்ளி அல்லது சனிக்கிழமையே முள்ளியவளைக்கு வந்துவிடுங்கள். விளக்கையும் பாருங்கள், ஞாயிறு பொங்கலையும் பாருங்கள், திங்கள் மடைப்பண்டத்தின் பின்னால் நடந்தே வற்றாப்பளைக்குப் போங்கள். எல்லாம் சில கிலோமீற்றர் வட்டாரத்துக்குள்தான்.

வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். அவர்கள் வைகாசியைத் தவறவிட்டோமே என்று மனம் வருந்தி வருவார்கள். வருந்த வேண்டியதில்லை. திங்கட்கிழமை அம்மனுக்கு உரிய நாள். சாதாரணத் திங்களில் உங்கள் கையாலேயே பொங்கிப் படைக்கலாம், ஆறுதலாக நின்று கும்பிடலாம், நந்திக்கடல் பக்கம் போய்ச் சோளகக் காற்றில் நிற்கலாம். சின்னப் பிள்ளைகளோடும் நடக்க முடியாத பெற்றோரோடும் வருகிறவர்களுக்கு இதுதான் சரியான நாள். பானை, அகப்பை, பச்சரிசி, பயறு, சர்க்கரை, தேங்காய் எல்லாம் முள்ளியவளைக் கடைகளில் வாங்கிவிடலாம். கொழும்பிலிருந்து சுமந்து வர வேண்டாம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் மட்டும் யோசித்து வாருங்கள். மாரி மழைக்கு நந்திக்கடல் பெருகினால் பாதைகள் தண்ணீரில் மூழ்கும்.

இனி வழி. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் பரந்தனில் ஏ-9 வீதியை விட்டுத் திரும்பி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஏ-35 வீதியால் முல்லைத்தீவுக்கு வரலாம். பரந்தனிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர். கொழும்பு, வவுனியாப் பக்கத்தவர்கள் மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று வழியாக ஏ-34 வீதியால் முள்ளியவளைக்கு வந்துவிடலாம். முல்லைத்தீவு வரை எடுத்தால் அதுவும் ஏறத்தாழ அதே தூரம்தான். முள்ளியவளை முல்லைத்தீவு நகரத்துக்கு முன்பே வருவதால், நகரம் வரை போகாமல் அங்கேயே இறங்கி வற்றாப்பளைக்குத் திரும்பிவிடலாம். வவுனியாவிலிருந்து நெடுங்கேணி ஊடாகவும் ஒரு பாதை உண்டு.

ஏ-35 வழியில் ஒரு கண்டம் உண்டு, வட்டுவாகல் பாலம். நந்திக்கடல் முகத்துவாரத்தைக் கடக்கிற பழைய ஒடுங்கிய பாலம். எதிரே வாகனம் வந்தால் ஒன்று காத்து நிற்க வேண்டும், வெள்ள காலத்தில் மேலால் தண்ணீர் ஓடும். புதிய பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கியது. எப்போது வந்தாலும் புறப்பட முன் பாலத்தால் போகலாமா என்று உள்ளூரில் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமென்றால் மாங்குளம் வழியே வாருங்கள். திருகோணமலையிலிருந்து வருகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்துக் கொக்கிளாய் கிட்டத்தானே என்று நினைக்க வேண்டாம். முகத்துவாரம் குறுக்கே நிற்கிறது, சுற்றித்தான் வர வேண்டும்.

பஸ்ஸா, வானா, ரயிலா? தனி ஆளுக்கும் இருவருக்கும் பஸ் நல்லது. யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவுக்கு இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஓடுகின்றன. பொங்கலுக்கு விசேட சேவையும் இருக்கும். கொழும்பிலிருந்து யாழ்தேவியில் வந்து மாங்குளத்தில் இறங்குவது முதுகுக்கு நல்லது. ஆனால் எல்லா ரயிலும் மாங்குளத்தில் நிற்காது, சீட்டு எடுக்க முன் பாருங்கள். அங்கிருந்து முல்லைத்தீவு பஸ் பிடிக்கலாம். ஐந்து பேருக்கு மேல் என்றால் வான்தான். வானுக்கு நான் சொல்வது ஒன்றே: இரவில் மாங்குளம் வீதியில் வேகமாக ஓடச் சொல்லாதீர்கள். மாடுகள் வீதியில் படுத்திருக்கும், காட்டோரத்தில் யானையும் வரும்.

தங்க நாலு வழி. கோயிலடியில் பாய் விரித்துப் படுப்பது, முள்ளியவளையில் சொந்தக்காரர் வீடு, முல்லைத்தீவு நகரத்து விடுதி, இல்லையென்றால் கிளிநொச்சி, வவுனியா விடுதி. உடம்பில் தெம்பு உள்ளவர்கள் பொங்கலிரவைக் கோயிலடியிலேயே கழியுங்கள். அன்னதான மடங்களில் சோறு கிடைக்கும், தண்ணீர்ப்பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கிடைக்கும், கச்சான் கடை விடியும் வரை திறந்திருக்கும். சொந்தக்காரர் வீடு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொங்கல் கிழமை எந்த வீட்டிலும் இருபது முப்பது பேர் நிற்பார்கள். யாரும் உங்களை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், அதனால்தான் நீங்கள் முந்திச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவு நகரத்து விடுதிகள் குறைவு, பொங்கலுக்குச் சீக்கிரம் நிரம்பிவிடும். கிளிநொச்சி வசதியானது, ஆனால் அங்கே அறை எடுப்பவர்கள் இரவுப் பொங்கலைப் பாதியில் விட்டுவிட்டுப் போவதைத்தான் கண்டிருக்கிறேன்.

சின்னச் சின்ன விடயங்கள் சில. பொங்கலன்று கைபேசிச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஆகவே வந்தவுடன் ஒரு மடத்தையோ கடையையோ காட்டி, "துலைஞ்சால் இதடிக்கு வா" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். தங்க நகையை வீட்டில் வையுங்கள். ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குச் சேலையோ பஞ்சாபியோ. காசை முள்ளியவளையிலோ நகரத்திலோ எடுத்துக்கொண்டு வாருங்கள். மச்சம் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்கு வராதீர்கள். நந்திக்கடல் இறாலுக்கு ஆசையென்றால் பொங்கல் முடியட்டும். முல்லைத்தீவுக் கடலில் கால் நனைக்கலாம், நீந்தப் போக வேண்டாம். தெரியாத பற்றைக்காட்டுக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் பக்கம் கிட்டவும் போகாதீர்கள். படைமுகாம்களைப் படம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏ-35 வீதியால் வருகிறவர்கள், போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலைக் கடந்துதான் வருகிறீர்கள். பொங்கல் மே மாதத்தில் விழுந்தால், போரில் இறந்தவர்களுக்கான மே 18 நினைவு நாளும் அதை ஒட்டி வரக்கூடும். அந்த நினைவுக் கிழமையில் வழிநெடுகக் கஞ்சி கொடுப்பார்கள். நிறுத்தி வாங்கிக் குடியுங்கள், ஒரு வாய்தான் என்றாலும். நினைவு முற்றத்துக்குப் போவதானால் அதற்கென்று ஒரு நாளை வையுங்கள். கோயிலுக்குப் போகிற வழியில் பத்து நிமிடம் இறங்கி ஏறுகிற இடமாக அதை ஆக்காதீர்கள். அழுகிறவர்களின் முகத்துக்கு நேரே கைபேசியைத் தூக்காதீர்கள். உங்களோடு வரும் அம்மாவோ அப்பாவோ அந்தக் கரையால் நடந்து வந்தவர்களாக இருக்கலாம், அவர்கள் உங்களிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கவும் கூடும். அப்படியானால் வட்டுவாகல் வழியை எடுப்பதா, மாங்குளம் வழியை எடுப்பதா என்பதை அவர்களையே கேளுங்கள். எங்கள் சித்தியிடம் அவர் மகன் கேட்டான். "மாங்குளத்தால போவம்" என்றார். திரும்பும்போது, செவ்வாய்க்கிழமை காலை, படைத்த புக்கையை வாழையிலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தானாகவே, "தம்பி, வட்டுவாகலால விடு" என்றார்.