பட்டனை அழுத்தினால் யார் வருவார்கள்?

கேள்வி: நாங்கள் ஒக்கலிபுரத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டால், 74 வயதான என் அம்மா பகல் முழுக்கத் தனியாகத்தான் இருப்பார். போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர், பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு வரும்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பட்டன் விற்கும் ஒரு கம்பெனியில் விசாரித்தேன். "24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள், அழுத்தியதும் ஆம்புலன்ஸ் வரும்" என்கிறார்கள். ஒப்பந்தத்திலோ, எது நடந்தாலும் ஒரு மாதச் சந்தாவுக்கு மேல் பொறுப்பில்லை என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: இப்போது இருக்கிறபடி கையெழுத்துப் போடாதீர்கள். 'பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்று பலர் போட்டுவிடுகிறார்கள். அது அவ்வளவு எளிதல்ல. இழப்பீடு 100 டாலரைத் தாண்டாது என்ற கூரியர் நிபந்தனை, அதில் கையெழுத்திட்டவரைக் கட்டுப்படுத்தும் என்று பாரதி நிட்டிங் கம்பெனி எதிர் டி.எச்.எல். வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னாளில் நிலைமை கொஞ்சம் மாறியது. வீடு வாங்குபவர்மேல் கட்டுமான நிறுவனம் சுமத்திய ஒருதலைப்பட்சமான நிபந்தனைகள் முறையற்ற வணிக நடைமுறை என்று 2019-இல், பயனீர் அர்பன் எதிர் கோவிந்தன் ராகவன் வழக்கில், அதே நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டு இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' எது என்பதை 2(46) பிரிவில் வரையறுக்கிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆகவே வாதாட இடம் உண்டு. ஆனால் அம்மாவுக்கு ஒன்று நடந்த பிறகு வாதாடுவதைவிட, இன்றே அந்த வரியை எடுக்கச் சொல்வது மேல். மறுத்தால் வேறு கம்பெனி பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதைவிடக் கவலை தந்தது "ஆம்புலன்ஸ் வரும்" என்ற வாய்வார்த்தை. 2019 சட்டத்தின் 84-ஆம் பிரிவு தயாரிப்பாளரை வெளிப்படையான உத்தரவாதத்தால் கட்டிப்போடுகிறது. பொருள் அதன்படி இல்லையென்றால், 'எங்கள் பக்கம் கவனக்குறைவு இல்லை' என்று நிரூபித்தாலும் அவர் தப்ப முடியாது. சேவை தருபவருக்கு 85-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் விற்பனையாளர் போனில் சொன்னதை நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது? அதனால் கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். பட்டனை அழுத்தினால் எத்தனை விநாடிக்குள் ஆள் பேசுவார்? தமிழோ கன்னடமோ தெரிந்தவரா? அவர் எந்த எண்ணுக்குப் போன் செய்வார்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கண்காணிப்பு மையம் வேறு மாநிலத்தில் இருந்து, அங்கிருப்பவர் 108-ஐ அழைத்தால், அழைப்பு பொதுவாக அந்த மாநிலத்து மையத்துக்குத்தான் போகும். பெங்களூரு ஆம்புலன்ஸை அவர்கள் எப்படி வரவழைப்பார்கள் என்று எழுதித் தரட்டும்.

பணம் கட்டுமுன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அம்மா பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்த உயரத்தில் இருந்து அழுத்தட்டும். உங்கள் பகுதியில் ரயில் போகும் சத்தத்தில் அவர் குரல் அந்தப் பக்கம் கேட்கிறதா, எந்த கிராஸ், எந்த வீடு என்று அவர் சொல்லாமலே அவர்களிடம் விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரக்கையோடு அழுத்த வேண்டியிருக்கும், ஆகவே தண்ணீர் புகாத கருவிதான் வேண்டும். உள்ளே போடும் சிம் எந்த நெட்வொர்க் என்றும் கேளுங்கள். 2ஜி மட்டும் பிடிக்கும் கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. வீட்டு வைஃபையை நம்பிய கருவி என்றால், கரண்ட் போனதும் ரவுட்டரோடு அதுவும் படுத்துவிடும். பிரிட்டனில் பழைய டெலிபோன் லைன்களை டிஜிட்டலுக்கு மாற்றியபோது முதியோரின் அபாயப் பட்டன்கள் வேலை செய்யாமல் போய், 2023 டிசம்பரில் அரசே தலையிட்டுக் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைக்கச் செய்தது. தானாகவே விழுவதைக் கண்டுபிடிக்கும் என்கிற கருவியையும் முழுக்க நம்ப வேண்டாம். சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம்.

சந்தாவுக்கு ஆட்டோ டெபிட் கேட்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் அனுமதியை ரத்து செய்யலாம். சேர்வதைச் சுலபமாக்கி விலகுவதைச் சிக்கலாக்குவது, 2023-இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலின்படி தடை செய்யப்பட்ட தந்திரம்.

உள்தாழ்ப்பாள் போட்டிருந்தால் வருகிறவர் எப்படி உள்ளே போவார்? பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். அம்மா இருக்கும் நேரத்தில் கதவுக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டாக இருக்கட்டும். உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு அந்த அக்கா கதவை உடைக்க நேர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவு அவருக்குத் துணை நிற்கும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தில் தயங்க மாட்டார். பட்டன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் 112, 108 இரண்டையும் அம்மாவின் போனில் போட்டுவையுங்கள். 14567 முதியோர் ஆலோசனைக்கான எண், அவசரத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

கருவி ஏமாற்றினால், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் பாருங்கள், தமிழிலும் பேசலாம். பட்டன் வேலை செய்யாத அன்றே, எத்தனை மணிக்கு அழுத்தினார், யார் பேசினார், எப்போது உதவி வந்தது என்பதைக் கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். "சரி பார்த்துத் தருகிறோம்" என்று கேட்டாலும் வழக்கு முடியும்வரை கருவியைக் கொடுத்துவிடாதீர்கள், ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டியிருக்கும்.