எண்ணித் தைப்போமா?

செமஸ்டர் லீவில் ஊட்டி போய் வந்தவர்களின் போனைத் திறந்து பாருங்கள். பூக்கண்காட்சி, படகு, பைக்காரா, நடுவில் ஏதோ கடையில் எடுத்த தோடர் சால்வை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக எம்ப்ராய்டரி. "இதை அப்படியே ஒரு பையில தைச்சா செமையா இருக்கும்ல?" நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹாஸ்டலுக்கு வந்து போட்டோவை ஜூம் பண்ணி, காடாத் துணியில் தைத்தேன். சதுரமாக வரவேண்டிய கட்டமெல்லாம் செங்கல்லை நிறுத்தி வைத்த மாதிரி நீண்டு போச்சு.

ஏன்னு சொல்றேன். தோடர் பெண்கள் துணியில் படம் வரைந்துகொள்வதில்லை, ஃப்ரேமில் மாட்டுவதும் இல்லை. பாவு, ஊடை இழைகளை எண்ணியே ஊசியை விடுகிறார்கள். அங்கே டிசைன் என்பது கோடு இல்லை, எண்ணிக்கை. கணக்குப் போடுங்கள்: உங்கள் துணியில் அங்குலத்துக்குப் பாவு 40, ஊடை 30 என்றால், இரண்டிலும் 12 இழை எண்ணிய கட்டம் 0.3 அங்குல அகலம், 0.4 அங்குல உயரம். சதுரம் வேணும்னா 12 ஊடைக்கு 16 பாவு எண்ணணும். அதனால் முதல் வேலை, ஸ்கேலை வைத்து, குண்டூசி முனையால் ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று இரண்டு பக்கமும் எண்ணுவது. கண் வலிக்கும், பரவாயில்லை.

போட்டோ சொல்லாத இன்னொன்றும் இருக்கு. அந்தச் சால்வைக்குப் பேர் பூத்துக்குளி. இறந்தவரின் உடலையும் அதைப் போர்த்தித்தான் வழியனுப்புகிறார்கள். 2013-ல் அந்தக் கைவேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைப் பையில் இறக்க நினைத்தது, இதெல்லாம் தெரிந்தபிறகு எனக்கே கூச்சமாகிவிட்டது. பிடிச்சிருந்தா அவர்களிடமே வாங்குங்கள்.

அப்போ நாம எதைத்தான் தைக்கிறது?

எனக்கு விடை கிடைத்தது அடுத்த மே மாதம், அதே நீலகிரியில். சீகை மரக் கன்றுகளைப் பிடுங்கும் தன்னார்வ வேலைக்குப் போயிருந்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மரம். தோடர்களின் எருமைகள் மேயும் புல்வெளியை மூடிக்கொண்டே வருகிறது. பிடுங்கும் முன் ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, உள்ளே எத்தனை கன்று என்று எண்ணி நோட்டில் எழுதணும். முதுகு ஒடிகிற வேலை. மூணாம் நாள் சாயங்காலம் நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது: கட்டம், கட்டத்துக்குள் ஒரு எண். இது தையல் சார்ட் தானே!

பச்சைத் துணி எடுத்தேன். கயிறு கட்டிய ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு கட்டம். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கறுப்புத் தையல். கன்றே இல்லாத இடம் வெறும் பச்சை. நீங்களும் செய்யலாம். ஏரியில் பொறுக்கிய பாட்டிலோ, கடற்கரையில் பார்த்த ஆமைத் தடமோ, வேலை செய்யும் இடத்திலேயே எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்தபிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லாம் அழகான ரவுண்டு நம்பராக வரும். தைத்தால் சப்பென்று இருக்கும். முதல் துண்டுக்குப் பத்து கட்டம் தாராளம்.

என் துண்டில் ஒரு கட்டத்துக்கு 27 கன்று. உள்ளே இருந்ததோ 12 ஊடை வரிசை. குறைத்துத் தைக்கலாமா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 27-ம் போட்டேன். நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பக்கத்தில் வெறும் பச்சையாக இருந்த கட்டத்துக்குள் வழிந்துவிட்டது. அதைப் பிரிக்கவில்லை.