கழித்ததையும் காட்டு

அன்புள்ள தங்கைக்கு,

கிரேஸ் செயற்கைக்கோள்களின் தரவில் வேலை தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். கிரீன்லாந்துப் பனியின் எடையைக் காட்டும் கோடு ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்குவதைப் பார்த்துத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். வராதுதான். 1992 முதல் 2018 வரை கிரீன்லாந்து இழந்த பனி சுமார் 3,900 கிகா டன் என்று பனிப்பாளங்களின் எடையைக் கணக்கிடும் இம்பி கூட்டாய்வு சொன்னது. ஒரு கிகா டன் என்பது நூறு கோடி டன். 360 கிகா டன் கடலில் சேர்ந்தால் உலகக் கடல் மட்டம் சராசரியாக ஒரு மில்லிமீட்டர் ஏறும். ஆனாலும், அந்தக் கோடு உன் திரைக்கு வருவதற்குள் அதிலிருந்து என்னென்ன கழிக்கப்பட்டன என்று தெரிந்துகொள்ளாமல் அதை நம்பிவிடாதே.

2002 மார்ச்சில் ஏவிய கிரேஸ் இரட்டையர் ஒன்றன்பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தவை. எடை மிகுந்த இடத்தை நெருங்கும்போது முன்னால் போவது முதலில் இழுபடும். இடைவெளி கொஞ்சம் கூடும். மைக்ரான் அளவிலான அந்த மாற்றம்தான் நம் கையில் உள்ள மூலத்தரவு. அது பனியை மட்டும் பார்ப்பதில்லை. காற்று, கடல் ஓதம், அடியில் உள்ள பாறை எல்லாம் அதில் கலந்திருக்கும்.

இதில் பாறைதான் நம்மைப் படுத்துவது. கடைசிப் பனியுகத்தில் அண்டார்டிகாவை அழுத்திய பனி குறைந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியும் நிலம் இன்னும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. எழும்பும் பாறையும் செயற்கைக்கோளுக்குக் கூடும் எடைதான். அதைக் கழிக்காவிட்டால் பனியிழப்பு மறைந்துபோகும். கழிக்க வேண்டிய அளவை ஒரு கணினி மாதிரிதான் சொல்கிறது; அண்டார்டிகா முழுமைக்கும் பார்த்தால் அந்தத் திருத்தம் நாம் தேடும் பனியிழப்புக்கு ஈடாகவே இருக்கிறது. சரிபார்க்க ஜிபிஎஸ் கருவி வைக்கலாம் என்றால், பனிக்கு மேலே தலைகாட்டும் பாறையே அங்கு அபூர்வம். அமுன்ட்சன் கடலோரத்தில் அப்படி வைத்த ஓர் இடத்தில் நிலம் ஆண்டுக்கு 41 மில்லிமீட்டர் எழும்புவதாக 2018-இல் தெரியவந்தது. பாறைக்கு அடியிலுள்ள மேண்டில் அங்கே, மாதிரிகள் கருதியதைவிட மிகவும் இளகியது. கண்டம் முழுவதற்கும் ஒரே பாகுநிலையை வைத்துக் கழித்திருந்தால், பனி வேகமாகக் குறையும் அந்த இடத்திலேயே கணக்கு பிசகியிருக்கும். எனவே ஒரே மாதிரியை வைத்துக் கழிக்காதே. மூன்று நான்கை ஓட்டு. விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்பதைக் கட்டுரையில் அச்சிடு, பின்னிணைப்பில் ஒளித்து வைக்காதே.

உயரம் அளக்கும் செயற்கைக்கோள்களுக்குப் பாறை அவ்வளவு தொல்லையில்லை. அவற்றின் சிக்கல் வேறு: உயரம் எடை ஆகாது. ஒரு கனமீட்டர் பனிக்கட்டி 917 கிலோ. மேலே கிடக்கும் பனித்தூவல் அதில் பாதிகூடத் தேறாது. 2012 ஜூலையில் கிரீன்லாந்தின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் சில நாட்கள் உருகி, மறுபடி உறைந்தது. அதுவரை உலர்ந்த தூவலுக்குள் சற்று ஊடுருவித் திரும்பிக்கொண்டிருந்த கிரையோசாட்-2 ரேடார், புதிதாக உறைந்த கட்டியில் பட்டு மேலிருந்தே திரும்பியது. உள்நாட்டுப் பகுதியில் பனிப்பரப்பு அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்துவிட்டதுபோல் பதிவாயிற்று. உண்மையில் அங்கே அந்த அளவுக்குப் பனி சேரவில்லை. இப்படித் திடீரென்று ஒரு படி தெரிந்தால், அந்த வாரத்து வானிலைப் பதிவை எடுத்துப் பார்த்த பிறகே மென்பொருளைத் தொடு.

மூன்றாவது வழி வரவு செலவுக் கணக்கு. ராக்மோ, மார் போன்ற வட்டாரக் காலநிலை மாதிரிகள் எவ்வளவு பனி பெய்தது என்று சொல்லும். பனி ஓடும் வேகத்தையும் தடிமனையும் வைத்து எவ்வளவு கடலுக்குப் போனது என்று நாம் கணிப்போம். அண்டார்டிகாவில் வரவு ஆண்டுக்கு 2,000 கிகா டன்னுக்கு மேல். செலவும் ஏறத்தாழ அவ்வளவே. வரவில் ஐந்து சதவீதம் தவறினால் 100 கிகா டன் போயிற்று. 1992 முதல் 2017 வரை அந்தக் கண்டத்தின் சராசரி ஆண்டு இழப்பே ஏறக்குறைய அவ்வளவுதான்! ஒற்றைப் பனிப்புயல் ஆண்டும் உன்னை ஏமாற்றும். டிரானிங் மாட் லேண்டில் 2009-லும் 2011-லும் கொட்டிய பனி, கிழக்கு அண்டார்டிகாவின் கணக்கையே தூக்கிவிட்டது. பத்தாண்டுக்குக் குறைந்த கோட்டை வைத்துப் போக்கு என்று பேசாதே.

அதே கிழக்கு அண்டார்டிகாவுக்கு 2018-இல் இம்பி தந்த எண்: ஆண்டுக்கு 5 கிகா டன் கூடுதல், ± 46. அந்த 46-ஐ விட்டுவிட்டு 5-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 'அண்டார்டிகா வளர்கிறது' என்று யாரும் எழுதலாம். நீ பேட்டி கொடுத்தால் இரண்டையும் சேர்த்தே சொல். நிருபர் சுருக்கச் சொன்னாலும் சம்மதிக்காதே. கூடவே இன்னொன்றையும் அழுத்திச் சொல்: மேற்கு அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் இழப்பு பிழை வரம்பைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. மூன்று வழிகளும் அங்கே ஒரே திசையைக் காட்டுகின்றன. ஓரிடத்து ஐயத்தைக் காட்டி மற்ற இடத்து உறுதியை மறுப்பவர்களுக்கு நம் கவனமின்மை தீனியாகிவிடக் கூடாது. இந்த இழப்பு நமக்குத் தொலைவான கதையும் இல்லை: கிரீன்லாந்து மெலிந்தால் அதன் ஈர்ப்பும் குறைவதால் அதன் அருகே கடல் தாழும், தொலைவில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். நாகப்பட்டினத்துக் கரை அந்தத் தொலைவில்தான் இருக்கிறது.

உன் கோட்டில் 2017 நடுவிலிருந்து 2018 நடுவரை தரவு இல்லை. பழைய இணை ஓய்ந்து, அடுத்த இணையான கிரேஸ்-எஃப்ஓ மேலே போகும்வரை விழுந்த இடைவெளி அது. கோடு போட்டு அதை நிரப்பாமல் வெறுமையாகவே விடு.

அண்டார்டிகா வரைபடத்தை அனுப்பும்போது ஒன்றோடு நிறுத்தாதே. பாறை எழுச்சியைக் கழிக்காதது ஒன்று, மூன்று மாதிரிகளால் தனித்தனியே கழித்தவை மூன்று. நான்குக்கும் ஒரே வண்ண அளவுகோல் வை. அமுன்ட்சன் கரையிலிருந்து பார்க்கத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
அக்கா