கண்ணுக்கும் கணக்குப் பார்ப்போம்

நம் வர்த்தகச் சகோதரர்களில் நீரிழிவுக்காரர் அநேகர். அவ்வியாதி விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும். ஆரம்பத்தில் வலியும் இராது, மங்கலும் இராது. பார்வை குறைந்தபின் வைத்தியரிடம் ஓடினால் இழந்தது முழுதும் திரும்புவது அரிது. ஐந்தொகையை வருஷந்தவறாமல் பார்க்கும் நாம் கண்ணை மட்டும் மறந்துவிடுகிறோம்!

சிங்கப்பூர்க் கண் நிபுணர்களும் கணினி நிபுணர்களும் கூடி, விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயறியும் செயற்கை நுண்ணறிவு முறையொன்றை அமைத்தனர். ஏறத்தாழ 5 லட்சம் படங்களைக் கொண்ட அவ்வாய்வு 2017-இல் வெளியாயிற்று. மேல்சிகிச்சைக்கு அனுப்பவேண்டியவற்றில் நூற்றுக்குச் சுமார் 90-ஐ அது கண்டுகொண்டது. மீதிப் பத்து? வருஷந்தோறும் படமெடுக்கச் சொல்லுகிறார்கள். இவ்வருஷம் தப்பியது மறுவருஷம் அகப்படக்கூடும்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். அன்று கல்லாவில் வேறொருவரை அமர்த்திச் செல்லுங்கள்.