எட்டும் ஏற்றமும்



பௌதிகம் படிப்பவன் மோட்டார் ஓட்டுவதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். முறையான கேள்விதான். விடை இது: சென்ற ஆண்டு இந்தப் புனே நகரில் ஓட்டுநர் தேர்வுக்குச் சென்று நான் தோற்றேன். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டிப் பாரம் ஏற்றிக்கொண்டு இவ்வூர் வழியாக இருபது ஆண்டுகள் லாரி ஓட்டியவரின் மகன், ஒரு சிறு காரை ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்ப முடியாமல் தோற்றான். தோற்ற பிறகுதான் எதைக் கற்கவில்லை என்பது தெரிந்தது. நம் சங்கத்தில் அடுத்து வண்டி பழகப் போகும் தம்பி தங்கையருக்கு அது பயன்படலாம்.

நான் பழகச் சென்ற காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்திய மழைக்காலத்தில் நம் நண்பர் ஒருவர், உரிமம் இல்லாமலே, மற்றொரு நண்பரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். ஈரச் சாலையில் வண்டி வழுக்கி ஒரு முதியவர் மீது மோதியது. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஓட்டியவர்தானே குற்றவாளி என்று நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். அன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 181ஆம் பிரிவு உரிமமின்றி ஓட்டியவரைத் தண்டிக்கிறது. 180ஆம் பிரிவு அவரிடம் வண்டியைக் கொடுத்தவரைத் தண்டிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டுக்கும் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றால், உச்ச நீதிமன்றம் 2004இல் சுவரண் சிங் வழக்கில் காட்டிய வழி ஒன்று உண்டு: அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுக்கும், உரிமம் இல்லாதவரிடம் உரிமையாளர் தெரிந்தே வண்டியைக் கொடுத்தார் என்று மெய்ப்பித்தால், அந்தப் பணத்தை அவரிடமிருந்தே திரும்ப வாங்கலாம். ஸ்கூட்டர் நண்பரின் தந்தையார் பெயரில் இருந்தது. அவர் சேலத்தில் தறி வைத்துப் பிழைப்பவர். வழக்கு இன்னும் முடியவில்லை. "கொஞ்சம் சாவி கொடு மச்சான்" என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை விலை.

நிற்க. உரிமம் பெறும் முறை எளியதே. முதலில் பழகுநர் உரிமம். நம் ஊரில் எல்.எல்.ஆர். என்போம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 50 சி.சி.க்கு மேற்படாத கியரில்லா வண்டிக்கு மட்டும், பெற்றோர் சம்மதத்தோடு, 16 போதும். இதற்கான தேர்வைக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். 2021 முதல் மகாராஷ்டிரத்தில் ஆதார் வழியாக வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் வந்துவிட்டது. சாலைக் குறிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, காவலில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய பத்திரங்கள் ஆகியவை பற்றிக் கேள்விகள் வரும். நூற்றுக்கு அறுபது வாங்கினால் தேர்ச்சி. எனக்கு வந்தவை 15 கேள்விகள். ஒன்பதுக்குச் சரியாக விடை சொன்னால் போதும். சிலர் கெட்டிக்கார நண்பனைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுகிறார்கள். முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் வேறுபாடு தெரியாதவன் நாளை கணேஷ்கிண்ட் சாலையில் நம் எதிரே வருவான் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் ஆன பிறகே நிரந்தர உரிமத்துக்கான தேர்வுக்குப் போகலாம். இடைப்பட்ட காலத்தில் தனியாக ஓட்டக் கூடாது. உரிமமுள்ள ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும்படி உடன் அமர்ந்திருக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்தை முன்னும் பின்னும் மாட்ட வேண்டும். மோட்டார் சைக்கிள் பழகுபவர், கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது. நம்மவர் எல்.எல்.ஆர். கைக்கு வந்த மறுநாளே மூவராகச் சிங்ககட்டுக்குப் புறப்பட்டு விடுவதால் இதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் உரிமம் எடுத்தவர் இங்கே புதிதாக எடுக்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டா. எந்த மாநிலத்து உரிமமும் இந்தியா முழுதும் செல்லும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கார் பயிற்சிக்கு ஓர் அளவு வைத்திருக்கின்றன: 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் வண்டியை உண்மையாக ஓட்டும் நேரம் பத்து மணிக்குக் குறையக் கூடாது. இந்த விதியைப் படிக்காமலே நான் ஒரு பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டினேன். பள்ளியின் பெயர் வேண்டா. பதினைந்து நாள், நாளைக்கு அரை மணி என்றார்கள். அந்த அரை மணியிலும் மற்றொரு மாணவரை ஏற்றி இறக்கும் நேரம் கழிந்தது. மிஞ்சியது ஐந்து மணிகூட இராது. பணம் கட்டும் முன் கைவிரலால் பெருக்கிப் பார்த்திருக்கலாம். வகையீட்டுச் சமன்பாடு போடத் தெரிந்தவனுக்குப் பெருக்கல் தோன்றவில்லை!

கற்றுக்கொடுத்தவர் நல்லவர். எல்லோரும் அவரைக் காகா என்று அழைத்தார்கள். மராத்தியில் சித்தப்பா என்று பொருள். "ஹளூ, ஹளூ" என்பார், மெல்ல மெல்ல என்று. பயிற்சி வண்டியில் அவர் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. மாணவன் தடுமாறினால் வண்டியை நிறுத்த விதியே வைத்த ஏற்பாடு அது. மிக அவசியமானது. ஆனால் அதில் ஒரு மயக்கமும் இருக்கிறது. நான் கிளட்சை முரட்டுத்தனமாக விடும்போதெல்லாம் அவர் கால் மெல்லத் தாங்கிக்கொள்ளும். வண்டி பூப்போலப் புறப்படும். நான் ஓட்டுகிறேன் என்று நினைத்தேன். பாதி வண்டியை அவர் ஓட்டினார்.

தேர்வு, போசரியில் நாசிக் பாட்டா அருகேயுள்ள ஐ.டி.டி.ஆர். நிலையத் தடத்தில் நடந்தது. எட்டு வடிவப் பாதையைப் பிழையின்றிச் சுற்றினேன். பின்னோக்கி எடுப்பதும் ஒருவாறு முடிந்தது. அடுத்தது ஏற்றம். பாதி மேட்டில் நிறுத்திவிட்டு, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னே நகர்ந்தது. பதறிக் கிளட்சை விட்டேன், இஞ்சின் அணைந்தது. அவ்வளவுதான்.

இதில் நடந்தது என்ன? பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில், 1,000 கிலோ எடையுள்ள காரைப் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறத்தாழ 100 கிலோ எடைக்கு ஒப்பானது. பிரேக்கை விட்ட கணத்தில் அந்த நூறு கிலோவை இஞ்சின் ஏற்றுக்கொள்ள வேண்டும். கிளட்சு முழுதும் மிதிபட்டிருந்தால் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. சட்டென்று முழுதும் விட்டால், மெல்லச் சுழலும் இஞ்சின் நிற்கும் சக்கரத்தோடு திடீரெனப் பிணைந்து மூச்சடைத்துப் போகும். இரண்டுக்கும் நடுவே விரற்கடை அளவில் ஓர் இடம் இருக்கிறது. ஹாஃப் கிளட்ச் என்பது அதைத்தான். அங்கே கால் வந்ததும் இஞ்சின் ஒலி சற்றுத் தாழும். வண்டியின் மூக்கு இலேசாக நிமிரும். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே அந்த அறிகுறிகளுக்குக் காத்திருந்து, சிறிது ஆக்சிலேட்டர் கொடுத்து, பிறகு ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். ஒருவர் காலில் உள்ள இந்த அறிவை மற்றொருவர் கால் கடன் கொடுக்க முடியாது. நான் பதினைந்து நாளும் கடனில் ஓட்டினேன்.

தோற்றவர் ஏழு நாள் கழித்து மறுபடி தேர்வுக்குப் போகலாம். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்தின்படி தனிப் பயிற்சியும் முடிக்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் 1935 ஜூன் வரை ஓட்டுநர் தேர்வு கட்டாயமே அன்று. பணம் கட்டினால் உரிமம். அந்தக் காலத்தில் பிறந்திருக்கலாமே என்று ஒரு மாலை எண்ணியதுண்டு.

அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். "ஏய்யா, மேட்டுல நிப்பாட்டத் தெரியாதவன் இறக்கத்துல என்ன செய்வ?" என்றார். அவர் கவலை வேறிடத்தில் இருந்தது. கோலாப்பூர் பக்கமிருந்து வரும் நெடுஞ்சாலை காத்ரஜ் சுரங்கத்தைக் கடந்ததும் நவலே பாலம் வரை நீண்ட சரிவாக இறங்குகிறது. 2022 நவம்பர் 20 இரவு அங்கே ஒரு லாரி ஏறத்தாழ 48 வண்டிகளை இடித்தது. அப்பா அந்தச் சரிவில் எத்தனையோ இரவுகள் இறங்கியவர். "ஏறுன கியர்லதான் இறங்கணும். நியூட்ரல்ல விட்டு டீசல மிச்சம் பிடிக்கிறவன் உசுர செலவழிக்கான்" என்பார்.

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 டன் லாரி ஒன்று 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், அறை வெப்பத்திலுள்ள ஏறத்தாழ 65 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் இஞ்சினே வண்டியைப் பிடித்து அந்த ஆற்றலில் பெரும்பங்கை விழுங்கிவிடும். நியூட்ரலில் இறங்கினால் அவ்வளவும் பிரேக்கின் தலையில் விழும். காய்ந்து சிவந்த பிரேக் பிடிக்காது. தேர்வு விதிகளிலும் இறக்கத்தில் விரைந்து தாழ்ந்த கியருக்கு மாற்றத் தெரிய வேண்டும் என்று ஒரு வரி உண்டு. பயிற்சிப் பள்ளிகளில் அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தவரை நான் காணவில்லை.

அந்த ஏழு நாளில் காகாவிடம் தனியாகப் பணம் கொடுத்து நான்கு நாள் போனேன். முதல் நாளே, "காகா, உங்கள் கால் கீழே இருக்கக் கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, பெடல்களை விட்டு நன்றாகப் பின்னால் காலை இழுத்து வைத்துக்கொண்டார். பாஷாணிலிருந்து சாந்தனி சௌக்கிற்கு ஏறும் சாலையில், போக்குவரத்து தொடங்காத விடியற்காலையில், வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திக் கிளப்பினேன். முதல் நாள் பதினொரு முறை அணைந்தது. பின்னால் வந்த பால்வண்டிக்காரர் மராத்தியில் என்னவோ வாழ்த்தினார். மூன்றாம் நாள் ஒரு முறைகூட அணையவில்லை. திரும்பும்போது அதே மேட்டை இரண்டாம் கியரில் இறங்கினேன்.

மற்றொன்றும் பயிற்சியில் வராது: நிற்க எவ்வளவு தூரம் ஆகும் என்பது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். கண்டு, உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று கொள்வோம். 14 மீட்டர் அதிலேயே போயிற்று. உலர்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 14 மீட்டர். மழையில் டயரின் பிடிப்பு குறைவதால் அந்தப் பின்பாதி 25 மீட்டரை நெருங்கும். மொத்தம் 39 மீட்டர். வேகம் 30 ஆக இருந்தால், உலர்ந்த சாலையில் எல்லாம் சேர்ந்து 14 மீட்டருக்குள் அடங்கும். ஸ்கூட்டருக்கும் இதே கணக்கு. பழகாத கையானால் இன்னும் கூடும். மருந்துக் கடைக்குப் போன நண்பரிடம் இதை ஒரு நாள் தாளில் போட்டுக் காட்டினேன். அவர் பேசாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவரும் இப்போது எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறார்.

இரண்டாம் முறை தேறினேன். உரிமம் தபாலில் வந்தது, எண் எம்.எச். 12 என்று தொடங்குகிறது. அப்பா அதன் படத்தைப் பார்த்துவிட்டு, போட்டோ நன்றாக இல்லை என்றார்.

சாலைக் குறிகளை வரைந்து தமிழில் விளக்கம் எழுதிய நோட்டு ஒன்றும், மேலே சொன்ன விதிகளின் சுருக்கமும் சங்க அறையில், கரம் பலகைக்கு மேலுள்ள தட்டில் வைத்திருக்கிறேன். எடுப்பவர் பெயர் எழுதிவிட்டு எடுக்கவும். ஒரு வாரத்தில் திரும்ப வைக்கவும், மூவர் காத்திருக்கிறார்கள்.