ஏடு எழுதுவோனைத் தேர்தல்

தோட்டத்துச் செக்ரோலின் அருமையை மலையக மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டா. முழுப்பேரோ அரைப்பேரோ என்பதை அவ்வேடே அறுதியிடும். ஏட்டில் ஏறாத உழைப்புக்குக் கூலியும் இல்லை. கணனிக்கும் இத்தகைய ஏடு ஒன்றுண்டு. யார் உட்புகுந்தனர், எவ்வுறுப்புப் பழுதுற்றது என்பவற்றை நேரத்துடன் குறித்துவைக்கும் நிரலை முறைமைப் பதிவாளன் என்பர்.

லினக்ஸ் தொகுப்பை வெளியிடுவோர் பதிவாளன் ஒருவனைத் தாமே அமைத்துத் தருவர். பயன்படுத்துவோருட் பலர் அதனை மாற்றுவதில்லை. ஆதலின் ஒருசிலர் தேர்வு பல்லாயிரவர் தேர்வாகின்றது. கண்டிக்கருகேயுள்ள மலையின் பெயர்கொண்ட ஹந்தானை லினக்ஸ், ஃபெடோராவின் வழிவந்தது. இந்தியாவின் சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனின் வழிவந்தது. முதனூலின் தேர்வு, மாற்றப்படாதவழி, வழிநூலுக்கும் உரியதாகும்.

1980களில் எரிக் ஆல்மன் ஆக்கிய சிஸ்லாக், செய்திகளை 0 முதல் 7 வரை எட்டுத் தரமாக வகுத்து, எவரும் படிக்கத்தக்க வெற்றெழுத்தில் எழுதிற்று. பிற கணனிக்கு அது செய்தி அனுப்பியது அஞ்சலட்டை போன்றது. வழியில் தொலையினும் அனுப்பியவன் அறியான். ஆர்சிஸ்லாக் என்பதோ, டிசிபி முறையால் பதிவுத்தபால் போல் அனுப்பவல்லது. பழைய அமைப்புக் கோப்பையும் அவ்வாறே ஏற்பது. 2007இல் ஃபெடோரா 8உம், 2009இல் டெபியன் 5உம் அதனையே இயல்பான பதிவாளனாகக் கொண்டன.

2011இல் சிஸ்டம்டி ஆக்கியோர் ஜர்னல் என்னும் புதியதை அறிவித்தனர். அது அட்டவணையுடன் கூடியமையால் வேண்டியதை விரைவில் தேடித் தரும். ஆயின் இரும வடிவினதாகலின் தனக்குரிய கருவியின்றிப் படித்தற்கரியது. ஃபெடோரா 20 (2013), டெபியன் 12 (2023) ஆகியவை ஆர்சிஸ்லாக்கைத் தாமாக நிறுவாது, ஜர்னலே போதுமென விடுத்தன.

இவற்றுள் எது சிறந்தது? வேகத்தை மட்டும் நோக்கி விடையிறுத்தல் தகாது. வட்டில் தனக்கெனக் கோப்புறை இல்லாதவிடத்து, ஜர்னல் தன் குறிப்புகளை நினைவகத்திலேயே வைக்கும். மின்சாரம் அற்றதும் அவை மறையும். இடியும் மழையும் மிக்க நம் மலைநாட்டில், கணனி ஏன் நின்றது என்று வினவ வேண்டிய வேளையும் அதுவேயன்றோ? ஆகவே பாடசாலைக் கணனிகளில் ஜர்னலை வட்டில் நிலைக்கச் செய்க. அது இயல்பாகவே கோப்புமுறைமையின் பத்திலொரு பங்குக்கு மேலும், 4 ஜிகாபைற்றுக்கு மேலும் வளராது. வட்டு நிரம்புமென்னும் அச்சம் வேண்டா. கணனிகள் பலவாயின், ஒன்றில் ஆர்சிஸ்லாக்கை அமைத்து ஏனையவற்றின் செய்திகளை அங்கே திரட்டுக.

மாணவர்காள், பதிவாளனைத் தேர்வோர் கேட்கவேண்டுவன மூன்று: ஏடு விபத்துக்குப் பின்னும் எஞ்சுமா? பின்வருவோர் அதனைப் படித்தல் கூடுமா? செய்தி போய்ச் சேர்ந்தமைக்கு உறுதி உண்டா? இம்மூன்றுக்கும் ஆம் எனும் விடை பெறாதவழி, எழுதுவோன் எத்துணை வல்லனாயினும் ஏட்டாற் பயனில்லை.