கண் மருத்துவர் உருவாகும் விதம்: நாட்டுக்கு நாடு என்ன வேறுபாடு?

அண்மையில் நம் புறநோயாளிகள் பிரிவுக்கு ஓர் அம்மையார் தம் மகளுடன் வந்திருந்தார். அவருடைய வலக்கண்ணில் புரை நன்றாக முற்றியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம் என்று நாங்கள் கூறியதும் மகள் தயங்கினார். “அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார், டாக்டர். அங்கே கண் மருத்துவர் ஆவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் படிக்க வேண்டுமாம். இங்கே எட்டரை ஆண்டுகள்தானாம். அடுத்த ஆண்டு அம்மாவை அங்கே அழைத்துப் போய்ச் செய்துகொள்ளலாம், அதுவரை பொறுங்கள் என்கிறார்” என்றார்.

அந்த மகன் சொன்ன கணக்கில் தவறில்லை. ஆயினும் அந்தக் கணக்கை வைத்து அவர் எடுத்த முடிவு சரியானதன்று. இத்தகைய தயக்கம் பல குடும்பங்களில் இருப்பதால், கண் மருத்துவர்கள் பல நாடுகளில் எவ்வாறு பயிற்சி பெறுகிறார்கள் என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

ஆண்டுக் கணக்கு

இந்தியாவில் மேல்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் மாணவர் நேரே மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார். எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் கட்டாயப் பயிற்சி மருத்துவர் பணி ஓராண்டு. பிறகு நுழைவுத் தேர்வில் தேறி, கண் மருத்துவத்தில் மூன்றாண்டு மேற்படிப்பில் சேர வேண்டும். அது எம்.எஸ். என்றும், சில நிறுவனங்களில் எம்.டி. என்றும், தேசியத் தேர்வு வாரியத்தின் வழியாயின் டி.என்.பி. என்றும் பெயர் பெறும். இவற்றைத் தவிர, டி.ஓ. எனப்படும் ஈராண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. மூத்த கண் மருத்துவர்கள் பலர் அவ்வழியே வந்து, நெடுங்காலப் பணியால் தேர்ச்சி பெற்றவர்கள்.

அமெரிக்காவில் பள்ளியிலிருந்து நேரே மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற வேண்டும். அப்பட்டம் உயிரியலில் இருக்கலாம், வரலாற்றிலும் இருக்கலாம். அதன்பின் நான்காண்டு மருத்துவக் கல்வி, ஓராண்டுப் பொதுப் பயிற்சி, மூன்றாண்டுக் கண் மருத்துவப் பயிற்சி. மொத்தம் பன்னிரண்டு ஆண்டுகள். இவற்றுள் முதல் நான்கு ஆண்டுகள் மருத்துவக் கல்வியே அல்ல. கண்ணுக்கென்றே ஒதுக்கப்பட்ட காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரு நாடுகளிலும் மூன்று ஆண்டுகள்தாம்.

இங்கிலாந்தில் ஐந்து அல்லது ஆறு ஆண்டு மருத்துவக் கல்விக்குப் பின் இரண்டாண்டு அடித்தளப் பயிற்சி உண்டு. அதற்குப் பிறகு கண் மருத்துவத்தில் ஏறக்குறைய ஏழாண்டுப் பயிற்சி. இந்த ஏழாண்டுகளும் வகுப்பறையில் கழிவன அல்ல. பயிற்சியாளர் ஊதியம் பெறும் மருத்துவராகப் பல மருத்துவமனைகளில் மாறி மாறிப் பணியாற்றுகிறார். நம் நாட்டில் எம்.எஸ். முடித்தபின் தனியே பெறும் உட்பிரிவுப் பயிற்சியின் ஒரு பகுதி அங்கே இந்த ஏழாண்டுகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

ஜெர்மனியில் மருத்துவக் கல்வி ஆறாண்டு. கண் மருத்துவச் சிறப்புப் பயிற்சி ஐந்தாண்டு. ஆயினும் அங்கே சிறப்பு மருத்துவர் என்னும் தகுதி பெற்ற அனைவரும் புரை அறுவை செய்பவர் அல்லர். பலர் நோயைக் கண்டறிந்து மருந்தளிப்பதோடு நின்று, அறுவை தேவைப்படுவோரை வேறு மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். கண்ணுக்குள் செய்யும் அறுவையை விரும்புவோர் அதைப் பெரும்பாலும் பின்னரே முழுமையாகக் கற்கிறார்கள்.

இங்கிலாந்தின் பதினான்கு ஆண்டும் ஜெர்மனியின் பதினொன்றும் நம் எட்டரையும் ஒரே பொருளை அளக்கும் எண்கள் அல்ல என்பது இதனால் விளங்கும்.

கையால் செய்து பழகுவது

அறுவைத் திறன் ஆண்டுகளால் மட்டும் வருவதில்லை. மேற்பார்வையின்கீழ் மீண்டும் மீண்டும் செய்வதால் வருவது. அமெரிக்காவில் பயிற்சி முடிப்பதற்குள் ஒருவர் முதன்மை அறுவை மருத்துவராகக் குறைந்தது 86 புரை அறுவைகளைச் செய்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக 350 என்னும் எண்ணிக்கை வரையறையாக இருந்தது. அங்கே நோயாளியின் கண்ணில் கை வைப்பதற்கு முன் நுண்ணறுவைப் பயிற்சி வகுப்பை முடித்தாக வேண்டும். இப்போது கணினி வழி இயங்கும் செயற்கைக் கண் கருவிகளிலும் பழகுகிறார்கள்.

இந்தியாவில் பயிற்சியின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதும் மாறுபடுகிறது. பெரிய கண் மருத்துவமனைகளில் பயின்றவருக்கு மிகுந்த வாய்ப்புக் கிடைத்திருக்கும். சில கல்லூரிகளில் பயின்றவருக்குக் குறைவாகவே கிடைத்திருக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை. அதே வேளையில், நன்கு முற்றிய கடினமான புரைகள் மேலை நாடுகளைவிட இங்கே மிகுதி. அத்தகைய புரையைத் தையலின்றிச் சிறு துளை வழியே கையால் எடுக்கும் முறையை நம் மருத்துவர்கள் பரவலாகக் கற்கிறார்கள். மேலை நாட்டுப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஒலியலைக் கருவியால் புரையைக் கரைத்து எடுக்கும் பேக்கோ முறையிலேயே பழகுகிறார்கள். எந்த நோய் எங்கே மிகுதியோ, அதில் அங்குள்ளோர் கை தேர்வது இயல்பு.

கண் மருத்துவப் பயிற்சி நமக்குப் புதியதும் அன்று. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805ஆம் ஆண்டிலும், சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன.

‘டாக்டர்’ என்னும் சொல்லில் ஒரு குழப்பம்

வெளிநாட்டில் வாழும் உறவினர், “எங்கள் கண் டாக்டர் பத்தே நிமிடத்தில் பார்த்துவிட்டார்” என்று சொல்லும்போது அவர் குறிப்பிடுவது யாரை என்று கேட்டறிவது நலம். அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்ட் என்போரும் ‘டாக்டர்’ என்றே அழைக்கப்படுகிறார்கள். இளநிலைப் பட்டத்துக்குப் பின் நான்காண்டு பார்வையியல் படித்தவர்கள் அவர்கள். மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர். கண்ணாடி அளவு பார்ப்பதுடன் சில கண் நோய்களுக்கு மருந்தும் எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் பலருடைய கண்ணை முதலில் பார்ப்பவர் கடைவீதியிலுள்ள ஆப்டோமெட்ரிஸ்ட்தான். ஐயம் எழுந்தால் அவர் மருத்துவமனைக்கு அனுப்புவார்.

நம் நாட்டிலும் நான்காண்டுப் பட்டம் பெற்ற ஆப்டோமெட்ரிஸ்டுகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பணி மிகவும் மதிப்புடையது. ஆனால் கண்ணாடிக் கடையில் அளவு பார்த்துக்கொள்வதும் கண் மருத்துவரிடம் முழுச் சோதனை செய்துகொள்வதும் ஒன்றல்ல. கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயில், எழுத்துப் பலகை முழுவதையும் படிக்க முடிந்தவருக்கும் ஓரப் பார்வை குறைந்துகொண்டிருக்கலாம். அந்நோயால் இழந்த பார்வை மீளாது. நாற்பது வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் அந்நோய் உள்ளவர்களும், நீரிழிவு உள்ளவர்களும் கண்ணாடி மாற்றியதோடு நின்றுவிடலாகாது.

பெயருக்குப் பின்னுள்ள எழுத்துகள்

கண் மருத்துவத்திலும் உட்பிரிவுகள் உண்டு: விழித்திரை, கருவிழி, கண் அழுத்த நோய், குழந்தைகள் கண் மருத்துவம், இமையும் கண்ணீர்ப்பையும் எனப் பல. இவற்றில் தேர்ச்சி பெற எம்.எஸ். படித்தவர் மேலும் ஓராண்டோ ஈராண்டோ ஃபெலோஷிப் பயிற்சி பெறுகிறார். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இவ்வாறே. சாதாரணப் புரைக்குப் பொதுக் கண் அறுவை மருத்துவரே போதும்; விழித்திரை விலகலுக்கு விழித்திரைப் பயிற்சி பெற்றவர் தேவை.

சிலருடைய பெயருக்குப் பின் எஃப்.ஆர்.சி.எஸ்., எஃப்.ஐ.சி.ஓ. போன்ற எழுத்துகள் காணப்படும். எஃப்.ஐ.சி.ஓ. என்பது பன்னாட்டுக் கண் மருத்துவப் பேரவையின் தேர்வுகளில் தேறியதைக் குறிக்கும். எஃப்.ஆர்.சி.எஸ். பிரிட்டனின் அரச மருத்துவக் கல்லூரிகள் நடத்தும் தேர்வின் வழியே வருவது. இவை உழைத்துப் பெற்ற தகுதிகளே. ஆயினும் அந்த எழுத்துகளை மட்டும் கொண்டு அம்மருத்துவர் வெளிநாட்டில் அறுவைப் பயிற்சி பெற்றவர் என்று கொள்ள முடியாது.

பயிற்சி மருத்துவர் அறுவை செய்யலாமா?

எந்த நாட்டிலும் ஒரு மருத்துவரின் முதல் அறுவை ஏதோ ஒரு நோயாளியின் கண்ணில்தான் நிகழ்ந்திருக்கும். நமக்கு அறுவை செய்யும் மூத்த மருத்துவரும் ஒரு காலத்தில் பயிற்சியாளராக இருந்தவரே. பயிற்சி மருத்துவமனைகளில் எளிய நிலையிலுள்ள புரைகளைப் பயிற்சியாளரிடம் படிப்படியாகக் கொடுத்து, மூத்தவர் அருகிலிருந்து நுண்ணோக்கி வழியே கவனிப்பார். தேவைப்படும் நொடியில் தாமே கையிலெடுத்துக்கொள்வார். இதை அறிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கேளுங்கள். கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் அவமதிப்பாகக் கருதமாட்டார்.

அறுவைக்கு முன் கேட்க வேண்டியவை

1. எனக்கு அறுவை செய்பவர் யார்? பயிற்சி மருத்துவர் எனில் மேற்பார்வையிடுபவர் யார்?
2. என் கண்ணில் உள்ளது போன்ற நிலைக்கு அவர் எத்தனை அறுவைகள் செய்திருக்கிறார்?
3. எந்த முறையில் செய்யப் போகிறீர்கள்? அம்முறை என் கண்ணுக்கு ஏன் ஏற்றது?
4. அறுவையின்போது சிக்கல் நேர்ந்தால் விழித்திரை மருத்துவர் இங்கேயே இருக்கிறாரா, வேறிடம் செல்ல வேண்டுமா?
5. வீடு திரும்பியபின் இரவில் வலியோ பார்வைக் குறைவோ ஏற்பட்டால் யாரை அழைப்பது?

மருத்துவரின் பதிவைப் பற்றி ஐயம் இருப்பின் மாநில மருத்துவக் கழகத்தின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மகளிடம் இவற்றையெல்லாம் கூறியபின் இன்னொன்றையும் சொன்னோம். முற்றிய புரை காத்திருக்காது. அது வீங்கிக் கண்ணுக்குள் நீர் வெளியேறும் வழியை அடைத்துவிடக்கூடும். அப்போது அழுத்தம் திடீரென உயர்ந்து கண் சிவக்கும். கடும் வலியும் வாந்தியும் உண்டாகும். பார்வை நரம்பு கெட்டுவிட்டால், பிறகு எந்த நாட்டுக்குச் சென்று எவரிடம் அறுவை செய்துகொண்டாலும் இழந்த பார்வை திரும்பாது.

அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்படியானால் அம்மாவுக்கு யார் செய்வார்கள், டாக்டர்?” என்று கேட்டார். செய்யவிருக்கும் மருத்துவரை அழைத்து அறிமுகப்படுத்தினோம். மற்ற நான்கு கேள்விகளையும் அவர் அந்த மருத்துவரிடமே கேட்டுத் தெளிந்தார். அன்றிரவு அண்ணனிடமும் பேசிவிட்டு, மறுநாள் காலையில் நாள் குறித்துக்கொண்டார்.